தி லாஸ்ட் பிரின்ஸ்: அரண்மனைக்கும் ஒரு தறிக்கூடம்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் மழை விடவே இல்லை. ஏரியைச் சுற்றிக் காட்டலாம் என்று அத்தையைக் கூட்டிப் போயிருந்தேன், அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. சரி என்று லேப்டாப்பில் ‘தி லாஸ்ட் பிரின்ஸ்’ போட்டேன். ஸ்டீபன் போலியாகாஃப் எழுதி இயக்கி 2003இல் பிபிசியில் வந்த தொடர், இரண்டே பாகம், மொத்தம் மூன்று மணி நேரம். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லிப் பார்த்து முடிக்க ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது.

நடந்த கதைதான். இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜின் கடைசிப் பிள்ளை ஜான், 1905இல் பிறந்தவன். நாலு வயதில் வலிப்பு வந்தது. கடைசி இரண்டு வருடம் குடும்பத்தை விட்டுத் தள்ளி, சாண்ட்ரிங்கம் எஸ்டேட்டில் வுட் ஃபார்ம் என்ற பண்ணை வீட்டில், லாலா என்ற ஆயாவோடு இருந்தான். 1919 ஜனவரியில் 13 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டான்.

அம்மாவைக் கொடுமைக்காரியாகக் காட்டியிருந்தால் எனக்கு இது பிடித்திருக்காது. மிராண்டா ரிச்சர்ட்சன் நடிக்கும் மேரி அரசிக்குப் பிள்ளைமேல் பாசம் நிறைய இருக்கிறது, ஆனால் அள்ளி அணைக்க வரவில்லை, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அந்த விறைத்த கழுத்திலேயே தெரிகிறது. லாலாவாக வரும் ஜினா மெக்கீ அதற்கு நேர் எதிர். சம்பளத்துக்கு வந்தவள்தான், கடைசிவரை அவனை விட்டு நகர்வதில்லை.

இதைப் பார்க்கும்போது அத்தை பேசாமல் இருந்தார். அவருடைய மூத்த மகனுக்கும் வலிப்பு இருந்தது. அம்மாபேட்டை வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவனைப் பின்னால் தறிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், கையில் ஒரு சாவிக்கொத்து கொடுத்து, இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று. அது நிற்காது, அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே வந்தது யார் என்று அங்கிருந்தே சரியாகச் சொல்லுவான். தொடரில் ஜானும் அப்படித்தான், ஒதுக்கி வைத்த இடத்திலிருந்தே பெரியவர்களை எல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறான், கேமராவும் அவன் உயரத்திலேயே நிற்கிறது.

இரண்டாம் பாகத்தில் போரும் அரசியலும் கொஞ்சம் அதிகம். 1917இல் ரஷ்ய ஜார் நிக்கோலஸ் குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுக்காமல் ஜார்ஜ் பின்வாங்கும் பகுதி மட்டும் வேண்டியது, நிக்கோலஸ் ஜார்ஜுக்குக் கூடப்பிறக்காத தம்பி மாதிரி, சித்தி மகன். மற்றதில் பையனை நெடுநேரம் காணவில்லை, எனக்கு அது குறையாகத்தான் பட்டது.

முடிந்ததும் அத்தை கேட்டார், “கடைசியில அவங்க அம்மா வந்து பாத்தாளா கண்ணு?”

போன் வந்ததும் ராஜாவும் ராணியும் காரில் வந்தார்கள், அதற்குள் உயிர் போய்விட்டது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஆயா புள்ளையோட இருக்கிற இடத்தை இன்னொருவாட்டி போடு” என்றார். போட்டேன்.