போட் கீ கடைவீடா, ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரமா?

சிங்கப்பூரின் மத்திய வணிக வட்டாரத்தில் சிறு அலுவலகம் தேடுவோர், ஆற்றங்கரைப் போட் கீயின் பழைய கடைவீடுகளுக்கும் (கீழே கடை, மேலே வீடு என அமைந்த வரிசைக் கட்டடங்கள்), அவற்றின் பின்னே நிற்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரங்களுக்கும் இடையே தயங்குகிறார்கள். இரண்டுக்கும் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையம் ஒன்றே என்பதால் போக்குவரத்தை ஒப்பிடத் தேவையில்லை.

மாற்றம் செய்தல்
கடைவீடு: போட் கீ 1989 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. முகப்பு, ஓட்டுக்கூரை, மர உத்தரங்கள், இரு வீடுகளுக்குப் பொதுவான பக்கச் சுவர் ஆகியவற்றில் கை வைக்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். இந்த ஒன்றே பலருடைய திட்டத்தை மாற்றிவிடும்.
கோபுரம்: உள்தடுப்புகளைக் கட்டட நிர்வாகத்தின் ஒப்புதலோடு மாற்றலாம்.

இடம்
கடைவீடு: இரு பக்கச் சுவர்களுக்கிடையே மர உத்தரம் எட்டும் அளவே அகலம் என்பதால் கூடம் குறுகலாகவும் மிக நீளமாகவும் இருக்கும்; நடுப்பகுதிக்கு வெளிச்சம் போதாது. அருகிலுள்ள மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் இத்தகைய நீண்ட கூடங்களில்தான் கிட்டங்கி (பலர் சேர்ந்து இயங்கும் தொழிற்கூடம்) வைத்து வட்டித்தொழில் நடத்தினார்கள். அங்கே இன்று அந்தக் கிட்டங்கிகள் இல்லை.
கோபுரம்: பரந்த தளம், மின்தூக்கி.

செலவு
கடைவீடு: வாடகையோடு கரையான், ஒழுகும் ஓடு ஆகியவற்றின் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.
கோபுரம்: சேவைக் கட்டணம் உண்டு, எதிர்பாராச் செலவு குறைவு.

வாடிக்கையாளர் நேரில் வந்துபோகும் வடிவமைப்பு நிறுவனத்துக்கும் உணவகத்துக்கும் கடைவீடு பொருந்தும். ஆள் கூடிக்கொண்டே போகும் நிறுவனத்துக்கும், படியேற இயலாதோர் பணிபுரியும் அலுவலகத்துக்கும் கோபுரமே சரி.