பழைய ஜீப்பைப் புதுப்பிக்கப் பட்டறையில் விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கும் முக்கியமாக இதை எழுதுகிறேன். பழைய நாலு வீல் டிரைவ் வண்டியைப் புதுசு போல ஆக்கித் தருகிறோம் என்று சொன்ன ஒரு பட்டறையை நம்பி 5,20,000 ரூபாய் கொடுத்தேன். திரும்பி வந்த வண்டியில் மூன்று பேர் சாகப் பார்த்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. கீழே சமவெளியில் இருக்கிறது என்பது மட்டும் போதும். அவர்கள் செய்த வேலை என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

வண்டி 1991 மாடல் மஹிந்திரா. பீஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி, பின்னால் தொட்டி கட்டிய பிக்கப். அப்பா செகண்ட்ஸில் வாங்கியது. தார் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர். கடைசி ஒரு கிலோமீட்டர் செம்மண் பாதை, நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் காப்பிப் பழம் பழுக்க ஆரம்பிக்கும், அந்த நேரத்தில்தான் பாதை சோப்புக்கட்டி போல வழுக்கும். முன் சக்கரமும் இழுக்காவிட்டால் மூட்டை மேலே வராது. ஆகவே இது எனக்கு விளையாட்டு வண்டி இல்லை. அப்பா போன பிறகு இரண்டு வருஷம் ஓடாமல் நின்றதில் துரு ஏறிவிட்டது. சேஸிஸிலிருந்து (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரியாகச் செய்து, இன்னும் இருபது வருஷம் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

பட்டறைக்காரர் என்னை எப்படி நம்ப வைத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். போன உடனே டீ வாங்கிக் கொடுத்தார், "அண்ணே, அண்ணே" என்றார், அதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து ஒவ்வொரு குறையாகச் சொன்னார். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் சேஸிஸ் அரித்திருக்கிறது, கிங் பின் ஆடுகிறது, வீல் சிலிண்டர் கசிகிறது, ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டம் இருக்கிறது. எல்லாம் உண்மை. எனக்கே தெரிந்த குறைகளை அவர் மறைக்காமல் சொன்னதால் மனுஷன் நேர்மையானவர் என்று முடிவு கட்டினேன். வேலை தெரிந்தவர்தான், சந்தேகமே இல்லை. எதை எங்கே மறைத்தால் தெரியாது என்பதும் அப்படிப்பட்டவருக்குத்தான் தெரியும்.

3,75,000 ரூபாய், மூன்று மாதம் என்று வாய்ப்பேச்சில் முடிந்தது. கொட்டேஷன் கேட்டேன். "பிரிச்சுப் பார்க்காம எப்படிண்ணே எழுதித் தர்றது, நம்பிக்கை இல்லையா?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சித்திரையில் விட்டேன், ஆடிக்குள் முடியும் என்றவர் புரட்டாசி கடைசியில்தான் கொடுத்தார். நடுவில் நான்கு முறை பணம் கேட்டார். லேத்துக்கு என்பார், கோயம்புத்தூர் உக்கடத்தில் நல்ல கியர் பாக்ஸ் ஒன்று வந்திருக்கிறது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்பார். அவசரம் என்றால் கையில் பணமாகக் கேட்பார். அப்படி 1,80,000 கையில் கொடுத்தேன். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட என்னிடம் இல்லை.

ஒரு நாள் நேரில் போனபோது சுவரோரம் மூன்று முன் ஹவுசிங் கிடந்தது. முன் சக்கரங்களின் அச்சும் அதைச் சுற்றும் பல்சக்கரங்களும் உள்ளே இருக்கும் இரும்புக் கூடுதான் அது. நம்முடையது எது என்று கேட்டேன். நடுவில் இருந்ததைக் காட்டினார். எல்லாமே கிரீஸ் பூசிக் கறுப்பாக இருந்தன. சரி என்று வந்துவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது அதைப் பார்த்து அம்மா அழுதார். அவ்வளவு அழகாக இருந்தது. அப்பா வைத்திருந்த அதே பச்சை, பெரிய டயர், முன்னால் கனமான இரும்புப் பம்பர், அதில் வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்). சித்தரேவு, பெரும்பாறை வழியாக மேலே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. தார் ரோட்டில் இரண்டு சக்கரம்தானே இழுக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள், பன்னிரண்டு மூட்டைப் பழத்தோடு தோட்டத்திலிருந்து மேலே ஏறினேன். பின்னால் பழம் பறிக்க வந்த அக்காமார் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வீல் போட்டு, லோ கியர் போட்டதும் வண்டி யாரோ முன்னாலிருந்து நெட்டித் தள்ளுவது போலத் திணறியது. ஸ்டியரிங் கல்லாக இருந்தது. முதல் வளைவில் முழுவதும் ஒடித்தும் முன் சக்கரம் திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டே ஓரத்துக்குப் போனது. அந்த ஓரத்துக்குக் கீழே நாற்பது அடிக்குச் சில்வர் ஓக் மரங்கள்தான். ஆக்சிலேட்டரை விட்டேன். அடியில் வெடி வைத்தது போல ஒரு சத்தம். முன் சக்கரத்துக்கு எஞ்சின் இழுவையைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் அடித்தது. வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் பாதிதான் பிடித்தது. அக்காமாரில் ஒருத்தர் குதித்து இறங்கி, பாதையோரம் கிடந்த கல்லை இழுத்துப் பின் சக்கரத்துக்குக் கொடுத்தார். அந்தக் கல்தான் எங்களைக் காப்பாற்றியது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்தார். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர். அடியில் படுத்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "தம்பி, நான் வச்ச பத்து எங்க?"

2009ல் பாறை அடித்து முன் ஹவுசிங்கில் விரிசல் விட்டபோது, இவர்தான் உள்ளங்கை அளவு தகடு வைத்து வெல்டிங் அடித்தார். அந்தத் தகடுதான் அவர் கேட்ட பத்து. அது இல்லை. வண்டியில் இருந்தது வேறு யாருடைய ஹவுசிங்கோ.

அவர் சாக்பீஸ் வாங்கி வரச் சொன்னார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், நீங்களே பத்து நிமிஷத்தில் செய்து பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்திலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு சுற்றுக்குத்தான் உள்ளே கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரம் ஒரு சுற்று வரும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். முன்பக்கமும் இப்படியே. லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் அமைப்பு) இருந்தால் பூட்டிக்கொண்டு, வண்டி டூ வீலில் இருக்கும்போது செய்ய வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் வண்டியில் பின்னால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. முன்னால் ஐந்தைத் தாண்டி இன்னும் கால் சுற்றுக்கு மேல் ஓடியது. திறந்து பல்லை எண்ணினோம். பின்னால் கிரவுனில் 39 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8. முன்னால் 43க்கு 8. அதாவது 4.88 ஓர் இடம், 5.38 இன்னோர் இடம். நாலு வீல் போட்டால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அப்போது பின் சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் முன் சக்கரம் ஒன்பது சுற்றுதான் சுற்றும். பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னால் பிரேக் பிடித்தது போல் இழுபடுகிறது. வளைவில் முன் சக்கரம் திரும்பாமல் வழுக்கியதற்கு இதுதான் காரணம். நடுவில் மாட்டிக்கொண்ட ஜாயின்ட் முறுக்கித் தாங்காமல் உடைந்தது. என்னுடைய நல்ல ஹவுசிங்கை எடுத்து வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டு, பொருந்தாத ஒன்றை இதில் மாட்டியிருக்கிறார்கள். தார் ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

அன்றைக்கே மற்றதையும் பிரித்தோம். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேஸிஸ் மேல் தடிமனாகக் கறுப்பு அண்டர்கோட், துரு பிடிக்காமல் அடியில் பூசுவது. அண்ணன் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். இரும்பு இருக்கும் இடத்தில் கணீர் என்றது, அந்த இடத்தில் மரத்தைத் தட்டியது போல மொத்தென்று கேட்டது. காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை, விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் கீறினார். கறுப்புக்குக் கீழே பட்டி, பெயின்ட்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பும் பசை. பட்டியைப் பெயர்த்தால் உள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதை நான் கையால் வெளியே எடுத்தேன், ஓரம் நனைந்து பழுப்பாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஆடித் தள்ளுபடி விளம்பரம், அதில் இந்த வருஷத் தேதி. பட்டறைக்கு வருவதற்கு முன்பே யாரோ செய்தது என்று அவர்கள் சொல்ல முடியாது. துருவை வெட்டி எடுத்துப் புது சி சேனல் (சி வடிவ இரும்பு) வைத்ததாகச் சொல்லி இதற்கு மட்டும் 65,000 வாங்கியிருந்தார்கள். பன்னிரண்டு மூட்டைப் பாரமும் இரண்டு உயிரும் அந்தக் காகிதத்தின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறது.

பிரேக்கில் புது வீல் சிலிண்டர் என்றார்கள், பழையதை மினுக்கி மாட்டியிருந்தது. டயர் ஐந்தும் புதுசு என்றார்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். இரண்டு டயரில் 3116 என்று இருந்தது, 2016ஆம் வருஷம் 31வது வாரம். கறுப்புப் பாலிஷ் போட்டுப் புதுசு ஆக்கியிருக்கிறார்கள்.

ஆர்.சி. புதுப்பிக்கும் விஷயத்திலும் ஏமாந்தேன். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பெரிய டயர், பம்பர் எல்லாம் பிரச்சினை ஆகாதா என்று முதலிலேயே கேட்டிருந்தேன். "அதெல்லாம் நம்ம பார்த்துக்கலாம்ணே" என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், இப்படி முன்னால் வைக்கும் இரும்புப் பம்பரை எடுக்க வைக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அதிகாரி வண்டியைப் பார்த்தவுடனே பம்பரைக் கழற்றி, பழைய அளவு டயர் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவர் மேல் குறை இல்லை. பம்பருக்கும் வின்ச்சுக்கும் கொடுத்த 70,000 வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.

பட்டறைக்காரரிடம் போனில் சொன்னேன். முதல் தடவை "அண்ணே, கொண்டு வாங்க, பார்த்துடலாம்" என்றார். ஹவுசிங் மாறியதைச் சொன்னதும் "சார்" ஆகிவிட்டேன். "மலையில பாரம் ஏத்தி ஓட்டினா உடையத்தான் சார் செய்யும்" என்றார். செய்தித்தாள் படத்தை அனுப்பினேன். அதற்கு அப்புறம் போனை எடுக்கவில்லை.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பயந்து விட்டுவிடாதீர்கள், இது அவ்வளவு கஷ்டமில்லை. வக்கீல் இல்லாமல் நாமே கொடுக்கலாம், ஆன்லைனிலும் முடியும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன், வழி சொன்னார்கள். என்னிடம் இருக்கும் ஆதாரம் வங்கியில் அனுப்பிய 3,40,000, வாட்ஸ்அப் செய்திகள், பிரிக்கும்போது எடுத்த வீடியோ, அந்தச் செய்தித்தாள். கையில் கொடுத்த 1,80,000க்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எந்தப் பட்டறையில் விட்டாலும் ஒரு ரூபாய் கூடக் கையில் கொடுக்காதீர்கள். விடுவதற்கு முன்னால் எஞ்சின், கியர் பாக்ஸ், இரண்டு ஹவுசிங், சேஸிஸ் நம்பர் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்துவிட்டு, உங்கள் கையாலேயே ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளக் குத்து குத்திவிடுங்கள். சேஸிஸ் வெல்டிங் முடிந்ததும் பட்டி, பெயின்ட் வைக்கும் முன்பு நேரில் போய்ப் பார்க்காமல் அடுத்த பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது வண்டி அண்ணன் பட்டறையில் நிற்கிறது. சேஸிஸில் அழுகிய இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்தாகிவிட்டது, ஒவ்வொரு வெல்டிங்கையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன் ஹவுசிங் மட்டும் பாக்கி. 39க்கு 8 போட்ட ஹவுசிங் யாராவது உங்களிடம் விலைக்குக் கொண்டுவந்தால் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். உள்ளங்கை அளவு தகடு, ஒரு மூலை மட்டும் வளைத்து வெட்டியிருக்கும், வெல்டிங் கொஞ்சம் தடிமனாக ஓடியிருக்கும். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வாங்கியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, கேட்ட விலை கொடுத்தே எடுத்துக்கொள்கிறேன்.