பதினெட்டா, இருபத்தைந்தா?

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் உச்சப் பட்டம் ‘ஈகிள் ஸ்கவுட்’. குறைந்தது 21 தகுதிச் சின்னங்கள், தானே திட்டமிட்டு நடத்தும் ஒரு சமூகப் பணி என எல்லாமே 18ஆவது பிறந்தநாளுக்குள் முடிந்தாக வேண்டும். பூங்காவுக்கு பெஞ்சு செய்து தரும் பையன் கடைசித் திருகாணியை ஒரு வாரம் தாமதமாக முடுக்கினால், பல ஆண்டு உழைப்பு கைநழுவிப் போகலாம். நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு நீட்டிப்பு கிடைப்பது அரிது.

பிரிட்டனின் ‘கிங்ஸ் ஸ்கவுட்’ விருதுக்கோ 25 வயது வரை அவகாசம். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. கெடு இல்லாவிட்டால் பட்டத்தின் மதிப்பு குறையும் என்பார்கள். ஆனால் பள்ளி விட்டதும் வேலைக்கு ஓடும் பிள்ளைதான் அந்தக் கெடுவில் முதலில் அடிபடுகிறது.

பெண்களை பிரிட்டன் 1991 முதலே எல்லாப் பிரிவுகளிலும் சேர்க்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் இந்தப் பட்டத்துக்கான வழி அவர்களுக்கு 2019 பிப்ரவரியில்தான் திறந்தது. அப்போது பதினாறு, பதினேழு வயதில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கெடுவைத் தளர்த்தினார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

கடவுள் நம்பிக்கை இல்லாத பிள்ளைக்கு பிரிட்டன் 2014 முதல் மாற்று உறுதிமொழி தருகிறது. அமெரிக்க உறுதிமொழியில் கடவுளுக்கான கடமை அப்படியே நிற்கிறது.