சவுண்ட் புரூஃப் ஃபோமும் கதவடி ரப்பரும்: எது காசுக்குத் தகும்?

சேலம் அழகாபுரத்தில் மாடி வீட்டில் ஓர் அறையை ஸ்டுடியோ ஆக்கி வைத்திருக்கிறேன். அதற்கு வாங்கியவற்றில் முதலில் அந்தக் கறுப்பு ஃபோம். ‘சவுண்ட் புரூஃப்’ என்று கவரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, ஆனால் அது அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், குரல் பதிவு சுத்தமாக வரும், அதில் குறையே இல்லை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்க எடை வேண்டும், பஞ்சு மாதிரி இருக்கும் பொருளால் அது ஆகாது. கீழ் வீட்டு அக்கா சொன்னதுதான் சரியான டெஸ்ட் ரிப்போர்ட்: "பாட்டு கேக்கல தம்பி, டும் டும்னு மட்டும் வருது." அந்த டும் டும் ஸ்பீக்கர் வைத்த மேஜை வழியாகத் தரைக்கு இறங்குவது. அடியில் கனமான ரப்பர் பேட் போட்டதும் ஓரளவு அடங்கியது, முழுக்க இல்லை.

பணத்துக்குத் தகுந்தது கதவடியில் ஒட்டும் ரப்பர் பட்டைதான். விளக்கை அணைத்துப் பாருங்கள், கதவைச் சுற்றி வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கேயெல்லாம் சத்தமும் கசியும். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் இதற்கெல்லாம் சிரிப்பார்கள், ஆனால் சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45தான். பத்துக்கு மேல் எனக்கு ஹெட்போன்தான்.

அப்புறம் ஃபோமை நேராகச் சுவரில் ஒட்டாதீர்கள், கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். வாடகை வீடென்றால் பிளைவுட்டில் ஒட்டி மாட்டுங்கள்.