உடற்பயிற்சியும் சாப்பாடும் தண்ணீரும்: சில வருட அனுபவம்

சில வருடங்களாகத் தொடர்ந்து ஓடுகிறேன், இடையிடையே ஜிம்முக்கும் போகிறேன். இதற்குள் ஷூ மாறியது, பயிற்சி அட்டவணையும் மாறியது. ஆனால் ஓடும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு குடித்தேன் என்பதுதான். 'இன்றைக்கு ஸ்டாமினா இல்லை' என்று நாம் சொல்கிற பல நாட்களில் குறை ஸ்டாமினாவில் இல்லை.

களைப்பிலும் வகை உண்டு. தண்ணீர் குறைந்தால் எனக்கு முதலில் இதயத் துடிப்பில் தெரியும். வேகம் அதேதான், ஆனால் கைக்கடிகாரத்தில் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். வியர்க்க வியர்க்க ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைவதால், ஈடுகட்ட அது வேகமாக அடிக்கிறது. நாக்கு ஒட்டும், தலை கனக்கும். மாவுச்சத்து தீர்ந்துபோனால் கதையே வேறு. மூச்சு சீராக இருக்கும், கால் மட்டும் நகராது. காரணமில்லாமல் எரிச்சல் வரும், விரல்கள் லேசாக நடுங்கும். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு, எப்போது தண்ணீர், எப்போது சாப்பாடு என்று குழம்புவதே இல்லை.

எனக்கு மிகவும் உதவியது எடை பார்க்கும் மெஷின். ஓடப் போகுமுன் ஒரு தடவை, வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு தடவை ஏறி நிற்பேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. மொத்த வியர்வை தெரிய வேண்டுமானால் நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மெஷினில் தெரியும் எடை சுமார் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், குறிப்பாக வெயிலில், நீண்ட நேர ஓட்டம் தளரும். 60 கிலோ ஆளுக்கு அது 1.2 லிட்டர்தான். வியர்வை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். அதனால் அடுத்தவர் குடிக்கும் அளவு நமக்குப் பொருந்தாது. சொந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

அதற்காக வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து. பல மணி நேரம் ஓடுகிறவர்கள் வியர்வையில் போவதைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். நான் தாகத்துக்குத்தான் குடிக்கிறேன், சிறு மடக்குகளாக. நீண்ட ஓட்டத்தில் மட்டும் உப்புக் கலந்த பானம்.

சாப்பாட்டில் எனக்கு ஒத்துவந்தது இது: நல்ல சாப்பாடு என்றால் மூன்று மணி நேரம் முன்பு; நேரமில்லை என்றால் ஒரு வாழைப்பழம். எண்ணெய்ப் பண்டமும் நார்ச்சத்து மிகுந்ததும் வயிற்றில் நெடுநேரம் தங்கும். ஓடும்போது ரத்தம் தசைக்குப் போய்விடுவதால் வயிற்றுக்குக் கிடைப்பது குறைவு; அப்புறம் பக்கவாட்டில் பிடிப்பதையும் குமட்டலையும் சொல்ல வேண்டுமா? இனிப்பைச் சரியாக அரை மணி நேரம் முன்பு எடுத்தால் தொடக்கத்தில் எனக்குத் தலை கிறுகிறுக்கும். இன்சுலின் ஏறும் நேரமும் தசை சர்க்கரையை இழுக்கும் நேரமும் ஒன்றாக வந்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குவதுதான் காரணம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அதே இனிப்பை ஓடத் தொடங்கிய பிறகு எடுத்தால் தொந்தரவே இல்லை.

காலையில் வெறும் வயிற்றோடு மெதுவாக அரை மணி நேரம் ஓடுவது எனக்குச் சிரமமில்லை. இரவுத் தூக்கத்தில் கல்லீரலின் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கணிசமாகக் குறைந்தாலும் தசையில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேக ஓட்டம் என்றாலோ ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ அது போதாது. அப்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கைகொடுக்கிறது. கால் சோர்ந்த பிறகு சாப்பிட்டால் பலன் தாமதமாகத்தான் வரும், முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும்.

ஜிம்மில் இந்த அளவுக்கு மெனக்கெடத் தேவையில்லை. முந்தைய வேளை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் ஒரு பாட்டில் தண்ணீர் போதும். காபி எனக்கு நன்றாகவே உதவுகிறது, ஆனால் மாலையில் தொடுவதில்லை. இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் பயிற்சியும் போச்சு.

சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு, இனிப்பு, தண்ணீர் அளவுகளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் எந்தப் புதுப் பானத்தையும் சாதாரணப் பயிற்சி நாளிலேயே குடித்துப் பார்த்துவிடுங்கள், போட்டி நாளில் வேண்டாம்.