பிரெக்ஸிட் முட்டுக்கட்டை: நியூரி சாலையில் நின்று பார்த்தால் எந்த வழி தேவலை?

ஐக்கிய ராஜ்யத்தின் வட அயர்லாந்தில் இருக்கும் நியூரியிலிருந்து, அயர்லாந்துக் குடியரசில் இருக்கும் டண்டால்க் போக அரை மணி நேரம்கூட ஆகாது. காரில் போனால் எல்லை வந்ததே தெரியாது. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், சாலையோரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், அவ்வளவுதான். 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் ராணுவச் சாவடிகள். இங்கே குடியிருக்கும் நான் 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே 'இருப்போம்' என்று ஓட்டுப் போட்டேன், தோற்றோம். 2019-ல், 'எப்படி வெளியேறுவது' என்று நாடாளுமன்றம் திணறியபோது நான் நின்றது 'பொதுச் சந்தை 2.0' பக்கம்: ஒன்றியத்தை விட்டு வெளியேறினாலும் அதன் சந்தையிலும் சுங்க ஏற்பாட்டிலும் இருப்பது.

ஒப்பந்தமே இல்லாமல் போவதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. எல்லையைத் திறந்து வைக்க அதில் ஒரு ஏற்பாடும் கிடையாது. இரண்டாவது வாக்கெடுப்பு என்னையும் இழுத்தது. ஆனால் மறுபடியும் 'வெளியேறு' வென்றால் பழைய கேள்விக்கே திரும்பி வந்து நிற்போம்.

அப்போதைய பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் ஜனவரியில் 432-க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை. எங்கள் எல்லைக்கு அது கெடுதல் செய்திருக்காது. வேறு தீர்வு கிடைக்கும்வரை நாடு முழுவதும் ஐரோப்பாவோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும் என்ற காப்பு அதில் இருந்தது. அந்த 'கிடைக்கும்வரை'தான் வினையானது: தாமாக விலக வழியில்லையே என்று அவர் கட்சிக்காரர்களே பயந்தார்கள்.

மிச்சம் இரண்டு. ஏப்ரல் 1 இரவு எம்.பி. கென் கிளார்க்கின் சுங்க ஒன்றியத் தீர்மானம் (ஒன்றியத்துக்குள் சுங்க வரி இல்லை, வெளிச் சரக்குக்கு ஒரே வரி) 273-க்கு 276, மூன்றே ஓட்டில் போனது. இன்னொரு எம்.பி. நிக் போல்ஸின் பொதுச் சந்தை 2.0, 261-க்கு 282.

பால் லாரியை வைத்துப் பாருங்கள். வடக்கில் கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெற்கே போய்ப் பதப்படுகிறது. சுங்க ஒன்றியம் இருந்தால் வரி இல்லை. ஆனால் பாலின் சுகாதார விதி இரு பக்கமும் ஒன்றா என்று யாராவது பார்த்தாக வேண்டும். துருக்கி ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில்தான் இருக்கிறது. அதன் பல்கேரிய எல்லையில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. நார்வே, சரக்கு விதிகள் ஒன்றாக இருக்கும் ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. ஸ்வீடன் எல்லையில் அங்கும் சுங்கச் சாவடி உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் லாரி நிற்காமல் போகும். இரண்டையும் சேர்த்துக் கேட்டது போல்ஸின் தீர்மானம் மட்டுமே.

விலை உண்டு. பணம் கட்ட வேண்டும், ஓட்டுரிமை இல்லாமல் விதிகளை ஏற்க வேண்டும், ஆள் நடமாட்டத்தைத் தடுக்க முடியாது. வந்து குடியேறிய எனக்குக் கடைசியது பாரமாகப் படவில்லை. அதற்காகவே வெளியேற ஓட்டுப் போட்ட பலருக்கு அது தோல்வி மாதிரிதான் இருந்திருக்கும். லண்டன் நிதித்துறைக்கு இது ஒத்துவந்திருக்குமா என்பதை அங்கே வேலை பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முடிவு வந்ததும் போல்ஸ் சபையிலேயே எழுந்து தன் கட்சியை விட்டு விலகினார். அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்னும் ஷின் ஃபேன் கட்சியின் 7 இருக்கைகள், எங்கள் தொகுதியுடையதும் சேர்த்து, லண்டன் நாடாளுமன்றத்தில் உட்காருவதில்லை என்ற கொள்கைப்படி காலியாகவே இருந்தன. அந்தக் கொள்கையின் வரலாறு எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று ஓட்டு என்று கேட்ட இரவில் மனசு ஆறவில்லை.

மேவுக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சனின் ஒப்பந்தத்தால் நியூரி சாலையில் சாவடி வரவில்லை. பிரிட்டனிலிருந்து வரும் சரக்குக்கான சோதனை கடலோரம், வட அயர்லாந்தின் லார்ன் துறைமுகத்துக்குப் போனது. அதை எதிர்த்து, பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்னும் டி.யூ.பி. கட்சி 2022 பிப்ரவரியில் ஆட்சியிலிருந்து வெளியேற, பெல்ஃபாஸ்டில் எங்கள் வட அயர்லாந்து ஆட்சி இரண்டு வருஷம் முடங்கிக் கிடந்தது.