கைலித் துணியில் ஒரு கோடைச் சட்டை: ஆறு வாரம் அணிந்து பார்த்த பிறகு

எழும்பூரை ஒட்டிப் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் வாசலில் ஏப்ரல் மாதத்துக் காலைப்பொழுதில் நின்றால், அந்த ஆண்டின் கோடை உடை எது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சாயக்கறை படிந்த ஜீன்ஸ், தோளில் ஜோல்னாப்பை, கழுத்தில் ஈரத் துண்டு ஆகியவை எந்த ஆண்டும் மாறுவதில்லை, மாறுவது சட்டைதான். இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் ஆண், பெண் வேறுபாடின்றிப் பலரும் அணிவது, கட்டம்போட்ட கைலித் துணியில் தைத்த தொளதொளப்பான அரைக்கைச் சட்டை. சிற்பத் துறையில் படிக்கும் நான் அதன் இரண்டு வடிவங்களை ஆறு வாரம் மாற்றி மாற்றி அணிந்தேன். ஒன்று கடையில் ஆயத்தமாக வாங்கியது; மற்றொன்று துணி எடுத்துத் தைத்தது.

ஆயத்தச் சட்டையை நகரின் நடுப்பகுதியில் உள்ள குளிரூட்டப்பட்ட ஒரு சிறு கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனெனில் இதே குறைகளை வேறு இரண்டு இடங்களிலும் கண்டேன். தொங்கவிட்டிருக்கும்போது அழகாக இருந்த அந்தச் சட்டையை அணிந்ததும், அக்குள் பகுதி இறுக்கமாக வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது. தலைக்கு மேல் உளியையும் சுத்தியலையும் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறிவிடுகிறது. பட்டன் பட்டியின் இருபுறமும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. பையின் கட்டமோ உடலின் கட்டத்தைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கி நிற்கிறது. கட்டத் துணியைத் தைப்பவரின் கைத்திறனை முதலில் காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டு இடங்கள்தான். விறைப்பாக நின்ற துணி, கஞ்சி போனதும் இரண்டாவது சலவையிலேயே துவண்டுவிட்டது. அந்த விறைப்புக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது சட்டைக்காகக் குடியாத்தத்தில் நெய்த ஒரு கைத்தறிக் கைலியை 420 ரூபாய்க்கு வாங்கினேன். இரு முனைகளையும் சேர்த்துத் தைக்காத, அதாவது மூட்டாத கைலியின் நீளம் 2 மீட்டர். அகலமும் தாராளமாக இருப்பதால், நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு ஒரு தளர்வான அரைக்கைச் சட்டை தைத்த பிறகும் காலருக்கோ கைக்குட்டைக்கோ துண்டு மிஞ்சும். திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இயந்திரம் போட்டிருக்கும் தையல்காரர் 350 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார். கட்டம் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “சேர்க்காமல் தைத்தால் அது சட்டையா தம்பி?” என்று கேட்டுவிட்டார். முதுகில் தோளை ஒட்டி வரும் யோக் என்ற மேல்பட்டையில் மட்டும் துணியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டது அவருடைய சொந்த யோசனை. சட்டைக்குத் தனி முகம் கொடுத்தது அதுதான். மொத்தச் செலவு 770 ரூபாய்.

சென்னையின் கோடையில் வெப்பத்தைவிடப் புழுக்கமே பெரிய எதிரி. பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு அளவுக்குக் காற்றின் ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரில் அது 0.4 விழுக்காடுதான். கத்திரி வெயிலில் பட்டறைக்குள் நிற்கும்போது இந்த எண்களின் பொருளை முதுகே சொல்லிவிடும். துணி தளர்வாக இருப்பதால் அசையும்போதெல்லாம் உள்ளே காற்று புகுகிறது. நனைந்த இடம் நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் உலர்கிறது. ஆனால் எங்கள் துறைக்கு இதைவிட முக்கியமான காரணம் வேறொன்று உண்டு. வெல்டிங் பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியில் பெரும்பாலும் கடுகளவு ஓட்டை விழுவதோடு போய்விடும். என் சட்டையில் இப்போது அப்படி ஏழு ஓட்டைகள் இருக்கின்றன. தோல் ஏப்ரன் அணியாமல் வேலை செய்யலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

களிமண்ணும் பிளாஸ்டரும் உலர்ந்ததும் தட்டினால் உதிர்ந்துவிடுகின்றன. எண்ணெய்ச் சாயம் மட்டும் போவதில்லை; டர்பன்டைன் போட்டுத் தேய்த்ததில் கறையோடு துணியின் நிறமும் வெளுத்தது. கட்டங்களுக்கு நடுவே கறை அவ்வளவாகத் தெரியாது என்பதும் இத்துணி எங்களிடையே பரவியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சாயம் போகும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மா சொன்னபடி கல்லுப்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்தும், முதல் மூன்று சலவைகளில் சிவப்பு இறங்கியது. உடன் ஊறிய வெள்ளை வேட்டி இப்போது இளஞ்சிவப்பாக இருக்கிறது. 1960களில் கைலியைப் போலவே கட்டம்போட்ட மெட்ராஸ் துணி அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே கோடை உடையாகப் பரவியபோது, சாயம் போவதையே சிறப்பாக்கி, ‘கட்டாயம் சாயம் போகும்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாவதை அவர்கள் விரும்பினார்கள். ஆறு வாரம் கழிந்த என் சட்டையைப் பார்த்தால் அதை வெறும் விற்பனைத் தந்திரம் என்று தள்ளிவிட முடியவில்லை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதே வகைத் துணியை வாங்கி, அதிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவியெடுத்துப் புதிய கோலம் ஒன்றை உண்டாக்குகிறார்கள். அதைப் பற்றி அறிந்த என் தோழி தன் சட்டையின் கைப்பகுதியில் ஊடை என்ற குறுக்கு நூல்களை உருவிச் சல்லடை போலாக்கிவிட்டாள். மூன்று மாலைகள் பிடித்த அந்த வேலைக்குப் பிறகு, அவளுடைய சட்டையைப் போல இன்னொன்று கல்லூரியில் இல்லை.

துணியில் தன் கையை வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் கல்லூரிக்குப் புதிதன்று. கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், ஓவியம் விற்காத காலத்தில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் செய்து விற்றே காலூன்றினார்கள். ஆயத்தச் சட்டையில் இல்லாதது இந்த இடம்தான். எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டதால், அணிபவர் சேர்ப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்திருக்கும் என் வகுப்புத் தோழர் ஒருவர் இந்தச் சட்டையை அணிவதில்லை. அவருடைய அப்பா கைலியோடு வங்கிக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்தப்பட்டாராம். அதே துணி சட்டையானதும் நாகரிகமாகிவிடுவது அவருக்கு எரிச்சலைத் தருகிறது. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

வாங்க விரும்புவோர் ஆயத்தச் சட்டையைத் தவிர்த்து, மூட்டாத கைத்தறிக் கைலியாகப் பார்த்து வாங்கி, தைப்பதற்கு முன் இருமுறை நனைத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தைத்த பிறகு சட்டை சுருங்கும். மார்புச் சுற்றளவைவிட எட்டு அங்குலம் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். தையல்காரர் தயங்குவார், என்னுடையவரும் தயங்கினார்.